லாடிப்போவின் பெயரில் ஊற்றிய எண்ணெய்

லாடிப்போ அனுப்பிய குரல் செய்தி மொத்தம் பதினொரு விநாடி. அதில் எட்டாவது விநாடியில் பாபா ரஃபியுவின் மிளகாய் மில் கேட்டது.

மொராயோ முதலில் அதைக் கவனிக்கவில்லை. ஏழு மாதம் வாயே திறக்காத மகன் வாய் திறந்திருக்கிறான், எந்தத் தாய்க்குப் பின்னால் ஓடுகிற மில் காதில் விழும்? தையல் மிஷினில் ஒரு கல்யாண வீட்டுக்காரர்களின் ஊதா நிறத் துணி பாதி ஓடிக்கொண்டிருந்தது, இருபத்தாறு பேருக்கும் ஒரே துணியில் சட்டை, வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். போன் ஒலித்ததும் காலை மிதியிலிருந்து எடுத்தாள். திரையில் அவன் பெயர். அவசரத்தில் போன் துணிக்குள் விழுந்து, துழாவி எடுத்து, காதில் அழுத்திக் கேட்டாள்.

"அம்மா... வந்துட்டேன்மா."

அவ்வளவுதான். அப்புறம் கொஞ்சம் இரைச்சல், ஏதோ விழுங்குகிற சத்தம், முடிந்தது. மொராயோ அப்படியே தரையில் மண்டியிட்டாள். சிமெண்டுத் தரையில் நெற்றியை வைத்து ஆண்டவருக்கு நன்றி சொன்னாள். சொல்லும்போதே, நன்றி யாருக்குச் சேர வேண்டியதோ அவருக்குத்தான் சேர்கிறதா என்று ஒரு சந்தேகம் வந்தது. அதை வந்த வழியே துரத்திவிட்டு மறுபடி கேட்டாள். மறுபடி. ஐந்தாவது முறைதான் அது காதில் பட்டது.

டக், டக், டக், ங்ஙீ. டக், டக், டக், ங்ஙீ.

அந்த மில்லின் பெல்ட் போன வருடம் அறுந்தபோது பாபா ரஃபியு லாரி டியூபை வெட்டி ஒட்டுப்போட்டு ஓட்டினார். அன்றிலிருந்து நாலாவது சுற்றுக்கு ஒரு தடவை அது வழுக்கிக் கிறீச்சிடும். இபாதான் நகரத்தில் ஆயிரம் மிளகாய் மில் இருக்கலாம், இப்படிக் கத்துகிற மில் இது ஒன்றுதான். அவள் வீட்டிலிருந்து நூறு அடியில், முச்சந்தியில் இருக்கிறது.

செருப்புகூடப் போடாமல் ஓடினாள். ஹர்மட்டான் காற்று வீசும் ஜனவரி மாதம், பாலைவனத்துப் புழுதி வானத்தை மூடி, பகல் பதினொரு மணிக்கும் சூரியன் சாம்பலுக்குள் வைத்த தட்டு போல இருந்தது. எதிரே வருகிறவர்கள் பத்தடிக்குள் வந்த பிறகுதான் முகம் தெரிந்தது. மூன்று தெருக்கள் சேரும் அந்த இடத்தில் மில் ஓடியது, ரீசார்ஜ் கார்டு விற்கும் மஞ்சள் குடை இருந்தது, கரண்ட் கம்பம் இருந்தது, கம்பத்தடியில் முழங்கால் உயரச் செம்மண் கல் இருந்தது. லாடிப்போ இல்லை.

"பாபா, யாராச்சும் வந்தாங்களா? என் பையன் வந்தானா?" என்று கத்திக் கேட்டாள். காலை வணக்கம்கூடச் சொல்லவில்லை. அது அந்த ஊரில் கன்னத்தில் அறைவதற்குச் சமம்.

பாபா ரஃபியு மிளகாய்ச் சிவப்பேறிய கையைத் துடைத்தபடி அவளை மேலும் கீழும் பார்த்தார். "முதல்ல எனக்கு நல்லாருக்கீங்களான்னு கேளும்மா. நல்லாத்தான் இருக்கேன். பையனா? நான் காலைல இருந்து இங்கதான் நிக்கிறேன். ஒரு ஆட்டுக்குட்டிகூட எனக்குத் தெரியாம இந்த வழியா போகல."

"இங்க இருந்துதான் பேசிருக்கான். உங்க மில்லு கேக்குது."

"அப்ப எங்கயாவது ஒளிஞ்சிருப்பான். சின்னப் புள்ளைல இருந்தே ஒளிஞ்சு விளையாடுறவன்தானே? சாயங்காலம் பசிச்சா வந்துருவான், போ."

அவள் மூன்று தெருவிலும் பாதி தூரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பதிலுக்கு அவள் அனுப்பிய செய்திகளுக்கு ஒற்றைக் குறிதான் விழுந்தது. அவன் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. அவனிடமிருந்து மட்டும்தான் வந்தது.

*

எதனால் அவன் போனான் என்பதை மொராயோ யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சபையில் கேட்டால், வேலை விஷயமாக லாகோஸில் இருக்கிறான் என்பாள்.

லாடிப்போ பாலிடெக்னிக்கில் சிற்பம் படித்தவன். கடைசி வருடத்துக்கு அவன் செதுக்கியது எஷுவை. கருங்காலி மரத்தில், ஒரு முழ உயரத்தில், பின்னால் நீண்ட கொண்டையும் வாயில் விரலுமாக ஒரு ஆள். தேவர்களுக்கும் மனிதர்களுக்கும் நடுவே சேதி கொண்டு போகிறவர், எந்தப் பூசையிலும் முதல் பங்கு வாங்குகிறவர், குறும்புக்காரர், முச்சந்தியில் உட்கார்ந்திருப்பவர். மொராயோவுக்குத் தெரிந்த எஷுவோ வேறு. பைபிளில் சாத்தான் என்று வர வேண்டிய இடத்திலெல்லாம் அந்தப் பெயர்தான் அச்சாகியிருந்தது.

"நம்ம பாஷைல பைபிள் எழுதினப்ப சாத்தானுக்கு ஒரு பேரு வேணும்னு இவர் பேரை எடுத்து வெச்சுட்டாங்கம்மா," என்றான் அவன். "தபால்காரரைப் புடிச்சுத் திருடன்னு எழுதின மாதிரி. அவர் நல்லவரும் இல்ல, கெட்டவரும் இல்ல. குடுத்ததைக் குடுத்தபடி கொண்டு சேர்ப்பாரு. இன்னிக்கு இவ்வளவு போனு வெச்சிருக்கோம், ஒருத்தன் சொன்னது இன்னொருத்தனுக்கு ஒழுங்கா போய்ச் சேருதா, சொல்லு?"

"என் வீட்டுல பிசாசுக்கு இடம் இல்ல," என்றாள் மொராயோ.

அவன் வெளியே போயிருந்த ஒரு மதியம் பாஸ்டர் மண்ணெண்ணெயோடு வந்தார். அறைக்குள் போய்ச் சிலையைத் தூக்கி, படுக்கை விரிப்பில் சுற்றி, முற்றத்துக்குக் கொண்டு வந்து கொடுத்தது மொராயோதான். கருங்காலி லேசில் எரியாது. ஒன்றரை மணி நேரம் எரிந்தது. லாடிப்போ வந்து சாம்பலைப் பார்த்தான். சண்டை போடவில்லை. ஒரு பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். அப்போது அவள் வாயில் வந்தது: "போறதுன்னா போ. திரும்பி வராதே."

அந்த ஒரு வார்த்தையைத்தான் ஏழு மாதமாக அவள் மென்றுகொண்டிருந்தாள். நாள் தவறாமல் அவனுக்கு எழுதினாள், சங்கீதம் அனுப்பினாள், பிரசங்கம் அனுப்பினாள், சாப்பிட்டாயா என்றாள். "நான் செஞ்சது தப்பு" என்ற மூன்று சொல்லை மட்டும் அனுப்பவில்லை. சபையில் டீக்கனஸ், பாஸ்டருக்கு அடுத்த ஊழியக்காரி ஆயிற்றே. கர்வம் என்று ஒன்று இருக்கிறதே.

போன சனிக்கிழமைதான் அது உடைந்தது. மாதக் கடைசி சனிக்கிழமை காலை ஊரே தெருவைக் கூட்டிப் பெருக்கும் நேரம், பத்து மணிவரை ஒரு வண்டி ஓடாது, ஒரு கடை திறக்காது. மொராயோ கையில் துடைப்பத்தோடு முச்சந்திவரை பெருக்கிக்கொண்டே போனாள். யாரும் பார்க்கவில்லை. பாவாடை மடிப்பில் ஒரு சின்னப் பாட்டில். எஷுவின் கல் என்று ஊர் சொல்லும் அந்தக் கம்பத்தடிக் கல்லின் முன்னால் குனிந்தாள். சின்ன வயதில் தூரத்திலிருந்து பார்த்தது: எண்ணெய் ஊற்றுவார்கள், பெயர் சொல்வார்கள். என்ன எண்ணெய் என்று யாரைக் கேட்பது? கேட்டால் அன்று மாலையே சபைக்குப் போய்விடும்.

அவளாகவே யோசித்தாள். வீட்டில் இருந்தது அடின், பனங்கொட்டைப் பருப்பைக் கருக வறுத்து எடுக்கிற கறுப்பெண்ணெய். லாடிப்போ கைக்குழந்தையாக இருந்தபோது வலிப்பு வரும். அப்போதெல்லாம் இதைத்தான் உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்த்து, மடியில் போட்டுக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பாள். அவன் வாசனையே அந்த எண்ணெய் வாசனைதான் அவளுக்கு. இதைவிட அவனுடையது என்று சொல்ல வேறு என்ன இருக்கிறது? பாட்டில் முழுவதையும் கல்லின் தலையில் கவிழ்த்தாள். கறுப்பாக, மெதுவாக, நெற்றி வழியாக இறங்குவதுபோல் இறங்கியது.

"இது லாடிப்போ குடுக்குறது," என்றாள். "லாடிப்போ பேரைச் சொல்லிக் குடுக்குறேன். எங்க இருந்தாலும் அவனைக் கொண்டு வா."

பிறகு பாட்டிலை ஒளித்துக்கொண்டு, மண்ணைப் பெருக்கிக் காலடித் தடத்தை அழித்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். மூன்று நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை, அந்தப் பதினொரு விநாடி வந்தது.

*

புதன்கிழமை பகல் ஒரு மணிக்கு இரண்டாவது வந்தது.

"அம்மா, வெயில் நேரா தலைல எறங்குது. நகர முடியலம்மா." பின்னால் மில். அதோடு ரொட்டி விற்கிற பெண்ணின் குரல், "சூடா ரொட்டி, மெத்து மெத்துனு ரொட்டி" என்று நெருங்கி, உரக்க வந்து, தேய்ந்தது. அந்தப் பெண் அப்போதுதான் மொராயோவின் ஜன்னலைத் தாண்டி முச்சந்திப் பக்கம் போயிருந்தாள்.

மறுபடி ஓடினாள். மறுபடி யாரும் இல்லை. ரொட்டிக்காரியை நிறுத்தி, வழியில் நின்ற ஒரு பையனைப் பார்த்தாயா, உயரமா இருப்பான், இடது புருவத்தில் தழும்பு இருக்கும் என்று கேட்டாள். அவள் தலைக் கூடையைப் பிடித்தபடி, "இங்க நிக்கிறது அந்தக் கம்பமும் நீங்களும்தாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று இரவு மொராயோ படுக்கவில்லை. வாசல் கதவைத் திறந்தே வைத்து, மேசையில் மூடி வைத்த ஆமாலாக் களியும் கீரைக்குழம்பும் ஆறிப்போக, மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். வறண்ட காற்றில் மரக்கதவுகள் சுருங்கி நெரியும் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது, உதடு வெடித்து ரத்த ருசி வந்தது, யாரோ குப்பை எரிக்கிற நாற்றம் புழுதியோடு சேர்ந்து திரைச்சீலையில் ஒட்டிக்கொண்டது. அந்த நாற்றத்துக்கு அடியில் இன்னொரு வாசனை. வறுத்த கொட்டையின், குழந்தை உடம்பின் வாசனை. கையைக் கழுவினாள். மறுபடி கழுவினாள். வாசனை கையில் இல்லை.

வியாழன் காலை மூன்றாவது செய்தி வந்தது. இருபது விநாடி. அதில் முதலில் அவன் பேச்சே இல்லை. மூச்சு மட்டும், மூக்கடைத்தவன் விடுகிற மூச்சு. அப்புறம் தூரத்தில் ஒரு பெண் குரல், ஓடி வருகிற காலடியோடு, நெருங்கி நெருங்கி, கடைசியில் காது கிழிய:

"பாபா, யாராச்சும் வந்தாங்களா? என் பையன் வந்தானா?"

அவளுடைய குரல். செவ்வாய்க்கிழமை அவள் கத்தியது.

மொராயோ போனை மிஷின் மேல் வைத்துவிட்டு எழுந்து சுவரோரம் போய் நின்றாள். அவன் அங்கே இருந்திருக்கிறான். அவள் கேட்கும்போது, கை நீட்டினால் தொடும் தூரத்தில். அது மட்டுமல்ல. அந்தக் குரல் வந்த விதம். எதிரே நிற்கிறவனுக்குக் கேட்கிற மாதிரி இல்லை. மேலேயிருந்து வந்தது. அவள் பாவாடை உரசுகிற சத்தம் குரலைவிடப் பக்கத்தில் கேட்டது. அவளுடைய முழங்கால் உயரத்திலிருந்து கேட்டிருக்கிறான்.

கடைசி மூன்று விநாடியில்தான் அவன் வாய் திறந்தான். "கூப்பிட்டேன்மா. உன்னைக் கூப்பிட்டேன். வாயெல்லாம் எண்ணெய். கசக்குதும்மா, துப்ப முடியல."

*

எண்ணெய் விற்கிற அசாபியின் கடை சந்தையின் கிழக்கு ஓரத்தில். ஒரு பக்கம் செம்பனை எண்ணெய், சிவப்பாகத் தகர டின்களில், இன்னொரு பக்கம் கறுப்பெண்ணெய், பாட்டில்களில். இரண்டுக்கும் நடுவே நாற்பது வருடமாக அசாபி. பருத்த உடம்பு, கெட்ட வாய், நல்ல மனசு. தேவர்களையும் கும்பிடுவாள், பள்ளிவாசல் பெருநாளுக்கும் கறி வாங்குவாள்.

"வாங்க டீக்கனஸ் அம்மா! காலங்காத்தால என்ன இந்தப் பக்கம்? கடவுளுக்கு எண்ணெய் தீந்துபோச்சா?"

மொராயோ சிரிக்கவில்லை. "அசாபி, முச்சந்திக் கல்லுக்கு எந்த எண்ணெய் ஊத்துவாங்க?"

அசாபியின் புருவம் உயர்ந்தது. "அடேங்கப்பா. உங்க பாஸ்டருக்குத் தெரியுமா இது? சிவப்புதான். எஷுவுக்குச் சிவப்புன்னா உசுரு. தலை குளுந்துரும்."

"கறுப்பு ஊத்துனா?"

"கறுப்பா?" அசாபி கையில் இருந்த புனலைக் கீழே வைத்தாள். "அவர் இருக்குற பக்கம் கறுப்பெண்ணெய் மூடியைக்கூடத் தொறக்க மாட்டாங்க. அவருக்கு ஆகவே ஆகாது. யார் மேலயாவது அவரை ஏவி விடணும்னா, அந்த மாதிரி ஈனப் பொழப்புக்குத்தான் அதை ஊத்துவாங்க. ஊத்திட்டு, இன்னார் குடுத்தான்னு எதிரியோட பேரைச் சொல்லுவாங்க. அப்புறம் அவன் பாடு..." பேச்சு பாதியில் நின்றது. மொராயோவின் முகத்தைப் பார்த்துவிட்டாள். "நீயா ஊத்துன?"

மொராயோ ஆமென்று தலையாட்டினாள்.

"யார் பேரு சொன்ன? ஏய். யார் பேரைச் சொன்ன?"

மொராயோ சொன்னாள்.  அசாபி வாயில் கையை வைத்தாள். 

"வலிப்புக்குத் தேய்ப்பேன்ல," என்றாள் மொராயோ. "அவனுக்குப் புடிச்ச எண்ணெய். அவனோடதுன்னு நெனச்சேன், அசாபி. ஆசையாத்தான் ஊத்துனேன்."

"உன் ஆசை அவருக்கு எப்படிம்மா தெரியும்? கையில குடுத்ததைத்தானே அவர் கொண்டு போவாரு." அசாபியின் கண்ணில் தண்ணீர் முட்டியது. கோபமாகவும் இருந்தது. "தெரியலன்னா வந்து கேக்க வேண்டியதுதானே? நான் என்ன உன்னைத் தின்னுடுவேனா? வெக்கமா? வெக்கம் பார்த்து யாருடி புள்ளையைத் தொலைப்பா?"

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. அவன் பெயர் இல்லை, தெரியாத எண். எடுத்தாள்.

"ஆண்ட்டி, நான் சேயி. லாகோஸ்ல லாடிப்போ ரூம்ல கூட இருக்கேன். அவன் பத்திரமா வந்து சேந்தானா?"

"எங்க வந்து சேந்தான்?"

"வீட்டுக்குத்தான். சனிக்கிழமை காலைல பஸ் ஏறப்போறேன்னான். முந்தின நாளே பை கட்டி வெச்சுட்டான். அம்மாவை இனிமே விட்டுட்டு இருக்க முடியாது, போய்க் காலைப் புடிச்சுக்கிறேன்னு சொன்னான். ஒன்பது மணி இருக்கும், ரோட்டோரம் டீ குடிச்சுட்டு நின்னோம். நான் சில்லறை மாத்தத் திரும்பினேன். அவ்வளவுதான். டீயில ஆவி வருது, பை இருக்கு, செருப்பு இருக்கு. ஆளைக் காணோம். செருப்பு போடாமயா பஸ் ஏறினான்னு நெனச்சேன். ஆண்ட்டி? ஆண்ட்டி, கேக்குதா?"

சனிக்கிழமை ஒன்பது மணி. ஊர் துடைப்பமும் கையுமாக இருந்த நேரம். அவள் பாட்டிலைக் கவிழ்த்த நேரம். கூப்பிடாமலே அவன் வந்துகொண்டிருந்தான். சும்மா இருந்திருந்தால் சனிக்கிழமை மத்தியானம் வாசலில் வந்து நின்றிருப்பான். மொராயோவுக்கு அழக்கூடத் தெரியவில்லை. ஒரு கையால் அசாபியின் கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அசாபிதான் அவளை உலுக்கினாள். "தண்ணி ஊத்திக் கழுவணும். நல்ல குளுந்த தண்ணி. அப்புறம் சிவப்பு, நெறைய. இரு, இதுக்குன்னு தெரிஞ்ச ஆளு இருக்காரு, கூட்டிட்டு வந்துடறேன், நீயா எதுவும் பண்ணாதே, கேக்குதா? காசெல்லாம் வேணாம், டின்னைத் தூக்கு."

மொராயோவுக்குத் தண்ணி என்றது மட்டும் கேட்டது. டின்னை அங்கேயே விட்டுவிட்டு ஓடினாள்.

*

முச்சந்தியில் புழுதி இன்னும் இறுகியிருந்தது. மஞ்சள் குடை ஒரு மங்கல் கறையாகத் தெரிந்தது. மில் ஓடிக்கொண்டிருந்தது. டக், டக், டக், ங்ஙீ. மிளகாய்க் காரம் காற்றில் ஏறித் தொண்டையைப் பிடித்தது. பாபா ரஃபியுவின் தண்ணீர்க் குடத்தைக் கேட்காமலே தூக்கினாள். அவர் என்னமோ சத்தம் போட்டார்.

கல்லின் முன்னால் உட்கார்ந்தாள்.

கறுப்பு காய்ந்திருந்தது. பக்குப் பக்காக. ஈ ஒன்றுகூட அதில் உட்காரவில்லை. மொராயோ குடத்தைச் சாய்த்தாள். தண்ணீர் உச்சியில் விழுந்து, பிரிந்து, இரண்டு பக்கமும் வழிந்தது.

ரவிக்கைக்குள் போன் ஒலித்தது. தானாகவே பேசியது.

"அம்மா. சில்லுனு இருக்கு."

கை நின்றது.

மறுபடி ஊற்றினாள். கொஞ்சமாக.

"நல்லாருக்கும்மா. இன்னும் ஊத்து."

அவள் ஊற்றினாள். விரலால் தேய்த்தாள். கறுப்பு பிசுபிசுவென்று நகத்துக்குள் ஏறியது. அடியில் சிவப்புக் கல், சொரசொரப்பு, ஓட்டை ஓட்டையாக. சூடாக இருந்தது. வெயிலே இல்லாத நாளில், காய்ச்சல்காரன் நெற்றிபோல் சூடு.

"தப்பு பண்ணிட்டேன்டா," என்றாள். வாய்விட்டு. நடுத்தெருவில். "சிலையை நான்தான் எடுத்துக் குடுத்தேன். உன்னை வராதேன்னது நான்தான். என்னை மன்னிச்சுடு ராசா. என்னை மன்னிச்சுடு."

மில் ஒரு சுற்று. இரண்டு. மூன்று.

"கேட்டுச்சும்மா," என்றான் லாடிப்போ.

இந்த முறை போனிலிருந்து வரவில்லை.

பாபா ரஃபியு மில்லை நிறுத்தினார். ஏன் நிறுத்தினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. முச்சந்தியில் சத்தமே இல்லை. ரீசார்ஜ் கார்டு விற்கிறவன் எழுந்து நின்றான். எழுந்தவன் அப்படியே பின்வாங்கினான்.

"கண்ணுல எண்ணெய்ம்மா. எரியுது. தொடச்சு விடு."

எங்கே கண்? அவள் இரண்டு கட்டைவிரலையும் கல்லின் மேல் வைத்துத் தடவினாள். நெற்றி. புருவம். இடது பக்கம் ஒரு மேடு. தழும்பு. அவளுக்குத் தெரிந்த தழும்பு. ஆறு வயதில் அவன் விழுந்தபோது அவள்தான் வாயால் ஊதினாள். பாவாடை நுனியை நனைத்துத் துடைத்தாள். மெதுவாக. மெதுவாக. வலது பக்கம் கறுப்பு விட்டு வரவில்லை. இடது பக்கம் வந்தது.

கட்டைவிரலில் இமைமயிர் உரசியது.

அவள் கத்தவில்லை. "இருடா. அம்மா வந்துட்டேன். தூக்கிடறேன்," என்றாள். கல்லைக் கட்டிப்பிடித்து இழுத்தாள். அசையவில்லை. விரலால் மண்ணைத் தோண்டினாள். காய்ந்த செம்மண். நகம் பிய்ந்தது. தோண்டினாள். ஒரு சாண் கீழே கல் குறுகியது.

கழுத்து.

இன்னும் தோண்டினாள். கழுத்தில் துடிப்பு இருந்தது. அதற்குக் கீழே இரண்டு பக்கமும் அகன்றது. தோள். பாதி கல். பாதி தோல். ஈரமான, மெல்லிய, அன்று பிறந்த குழந்தையின் தோல்போன்ற தோல். அதன்மேல் புழுதிக் காற்று பட்டது.

அப்போது லாடிப்போ அலறினான்.

மூன்று தெருவுக்கும் கேட்டது அது. தூரத்தில் டின்னும் கையுமாக வந்துகொண்டிருந்த அசாபி இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் கூட்டி வந்த வெள்ளை உடைக் கிழவர் இரண்டு கையையும் தலையில் வைத்தார். அவர் அதற்கு மேல் ஒரு அடி வரவில்லை.

"மூடும்மா! காத்து படுது, எரியுது, அம்மா, மூடு, மூடிடு!"

"வெளிய எடுத்துடறேன்டா கண்ணு. கொஞ்சம் பொறுத்துக்கோ."

"வேணாம்மா. வேணாம். மூடும்மா. கெஞ்சிக் கேக்குறேன். அம்மா."

அவள் கை மண்ணுக்குள் அவன் தோளைப் பிடித்தபடி இருந்தது. விட்டால் அலறல் நிற்கும். பிடித்தால் மகன் இருப்பான். ஏழு மாதத்தில் இதுதான் அவன் அவளிடம் கெஞ்சிக் கேட்டது. ஒன்றே ஒன்று.

மொராயோ இரண்டு கையாலும் மண்ணை அள்ளினாள். தோளின் மேல் போட்டாள். கழுத்தைச் சுற்றிப் போட்டாள். போர்வையை ஒதுக்குவதுபோல் ஓரங்களை ஒதுக்கி, உள்ளங்கையால் அழுத்தினாள். அலறல் முனகலாயிற்று. முனகல் மூச்சாயிற்று. இன்னும் ஒரு கை மண். இன்னும் ஒரு கை. தாடைவரை மூடி, தட்டிக் கொடுத்தாள்.

"நல்லாருக்கும்மா," என்றான் அவன், தூக்கக் குரலில்.

துடைத்துவிட்ட அந்த ஒற்றைக் கண் மூடவில்லை. அது மொராயோவைப் பார்த்தது, அவள் மண்ணை அள்ளும்வரை பார்த்தது, அள்ளி முடித்துக் கையைத் துடைத்த பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தது.